இடம் மாத்தின ரோஜா வாடுதா, கொட்டுதா, கருக்குதா? அறிகுறிய வெச்சு சரி பண்ற வழி

ரோஜா செடிய இடம் மாத்தினவங்க கேக்குற கேள்வி பெரும்பாலும் ஒண்ணு தான், "நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு, இப்ப இப்படி ஆயிடுச்சு, என்ன ஊத்துறது?" இந்த "என்ன ஊத்துறது"ல தான் பாதி செடி போகுது. வேர் அறுபட்ட செடிக்கு முதல் சில வாரம் உரம், டானிக், மருந்துன்னு எதுவும் வேணாம், அளவான ஈரமும் கொஞ்சம் நிழலும் கிடைச்சாலே போதும். அதனால கீழ எந்த அறிகுறிக்குப் போனாலும் முதல்ல இந்த மூணு செக்க பண்ணிடுங்க, கால் மணி நேரம் போதும்.

விரல் செக். தண்டுக்குப் பக்கத்துல, பழைய வேர் உருண்டை (வேரோட ஒட்டிக்கிட்டு வந்த மண்ணு) இருக்குற இடத்துல விரல உள்ள விட்டுப் பாருங்க. மேல் மண்ணு பாத்தா போதாது, காஞ்ச மூங்கில் குச்சி ஒண்ண 15 செ.மீ. ஆழத்துக்கு குத்தி பத்து நிமிஷம் விட்டு உருவுங்க, எதுவரைக்கும் நனைஞ்சிருக்குன்னு குச்சியே காட்டும்.

கீறல் செக். நகத்தால ரோஜாக் குச்சியோட, அதாவது செடிக் கிளையோட, தோல லேசா சுரண்டுங்க. உள்ள பச்சையா ஈரமா இருந்தா உயிர் இருக்கு, பழுப்பா காஞ்சிருந்தா அந்த இடம் போச்சு. நுனியில ஆரம்பிச்சு கீழ இறங்கிக்கிட்டே வாங்க, நுனி செத்திருந்தாலும் அடி உயிரோட இருக்கும் பல சமயம்.

ஆட்டல் செக். அடித்தண்டப் புடிச்சு மெதுவா ஆட்டுங்க. மண்ணோட சேர்ந்து நிக்கணும், தண்டு மட்டும் தனியா ஆடினா வேர் இன்னும் மண்ணப் புடிக்கல, இல்ல புடிக்க வேரே இல்ல.

## இன்னும் தோண்டல, இப்ப மாத்தலாமா?

பிரச்சினை வர்றதுக்கு முன்னாடியே இந்தப் பக்கம் வந்தீங்கன்னா ரொம்ப நல்லது, ஏன்னா கீழ இருக்குற அறிகுறில பாதிக்கு மேல தப்பான நேரத்துல மாத்தினதால வர்றது தான்.

குளிர் நல்லா அடிச்சு இலை உதிர்ற ஊர்னா: செடி தூங்கிக்கிட்டு இருக்கும்போது மாத்துங்க. இலை கொட்டின பிறகு, இல்ல குளிர் முடியற நேரத்துல மொட்டு வீங்கி தளிர் விடறதுக்கு முன்னாடி. மண்ணு உறைஞ்சு கட்டியா இருக்கும்போதும், சொதசொதன்னு இருக்கும்போதும் தோண்டாதீங்க.

வருஷம் பூரா இலையோட நிக்கிற சூடான ஊர்னா: செடி தூங்கவே தூங்காது, அதனால வருஷத்துல குளுமையான மாசங்கள பாத்துக்கோங்க. மழைக்காலத்துல மாத்துறதுன்னா அடை மழை ஓஞ்சு மண்ணு உதிரியா வர்ற நேரம் பாக்கணும். கோடை வெயில்ல மாத்தறது சூதாட்டம், தவிர்க்க முடியாத காரணம் இருந்தா ஒழிய கை வைக்காதீங்க.

வீடு மாறுறோம், சுவர் கட்டுறாங்க, வேற வழி இல்லன்னா: எந்த மாசமா இருந்தாலும் செய்யலாம், ஆனா சாயங்காலம் செய்யணும், வேர் உருண்டைய பெருசா எடுக்கணும், நிழல்வலை ரெடியா இருக்கணும், பூவும் மொட்டும் மொத்தமா வெட்டிடணும். மனசு கேக்காது, ஆனா வேர் இல்லாத செடி பூவுக்கு சாப்பாடு போட முடியாது. கூடவே பென்சில் கனத்துல 15-20 செ.மீ. நீளத்துக்கு நாலஞ்சு கட்டிங் எடுத்து தனியா நட்டு வைங்க, தாய்ச்செடி போனாலும் ரகம் கைய விட்டுப் போகாது.

மாத்துறதுக்கு முந்தின நாள் நல்லா தண்ணி விடுங்க. புதர் வகைனா மூணுல ஒரு பங்குல இருந்து பாதி வரைக்கும் கவாத்து பண்ணிடுங்க, அதாவது கிளைய வெட்டிக் குறைச்சுடுங்க. புது குழிய முதல்லயே வெட்டி வெச்சுட்டு தான் பழைய இடத்துல கடப்பாரைய இறக்கணும், தோண்டி வெளிய போட்டுட்டு அப்புறம் குழி வெட்டப் போறது தான் வேர் காயறதுக்கு முக்கியக் காரணம். தண்டச் சுத்தி 20-25 செ.மீ. தள்ளி வட்டமா வெட்டி 30-40 செ.மீ. ஆழம் போங்க. அந்த அளவு ஈர மண்ணு 60 கிலோவுக்கு மேலயே வரும், ஒத்த ஆளா தூக்க வேணாம், சாக்க அடியில நுழைச்சு ரெண்டு பேரா இழுங்க, தண்டப் புடிச்சு தூக்கினா உருண்டை உடைஞ்சுரும்.

ஆளக் கூப்பிடணுமா? அடித்தண்டு மணிக்கட்டு கனத்துக்கு இருக்குற பழைய செடி, சுவர ஒட்டி வளர்ந்த கொடி ரோஜா, அடியில குழாயோ கேபிளோ போகுதுன்னு சந்தேகம் இருக்குற இடம், இதெல்லாம்னா தோட்ட வேலை தெரிஞ்ச ஆளக் கூப்பிட்டுருங்க.

## தோண்டும்போதே மண்ணு உதிர்ந்து வேர் வெறுமையா வந்துருச்சு

மணல் கலந்த மண்ணுல இது சகஜம், பதறாதீங்க. நேரம் தான் இங்க எதிரி.

உடனே வேர ஈர சாக்குல சுத்தி நிழல்ல வைங்க. நைஞ்சு போன வேர மட்டும் கூர்மையான கத்தரியால நறுக்குன்னு வெட்டி விடுங்க. ஒரு வாளி தண்ணில ரெண்டு மூணு மணி நேரம் ஊற வைக்கலாம், ஆனா நாள் கணக்கா தண்ணிலயே போட்டு வைக்காதீங்க, வேருக்கு காத்து கிடைக்காம அழுகிடும். வேர் எவ்வளவு போச்சோ அந்த அளவுக்கு மேல குச்சியையும் குறைங்க. முக்கால்வாசி வேர் போயிருந்தா நல்ல குச்சியா மூணு நாலு வெச்சு, 20-30 செ.மீ. உயரத்துக்கு வெட்டி விடுங்க, பாக்க பரிதாபமா இருக்கும், பொழைக்கிறது அது தான்.

நடும்போது குழிக்கு நடுவுல மண்ண கூம்பா குவிச்சு அது மேல வேரப் பரப்பி வைங்க. பாதி மண்ணு போட்டதும் தண்ணி ஊத்தி அது இறங்கினதுக்கு அப்புறம் மீதி மண்ண போடுங்க, காத்து இடைவெளி தண்ணிலயே மூடிக்கும். ஏறி நின்னு மிதிக்கிற பழக்கம் வேணாம், களிமண்ணா இருந்தா வேருக்கு மூச்சு முட்டும்.

நட்டு முடிச்சதும் ஒட்டு முடிச்சு எங்க நிக்குதுன்னு பாருங்க, அதான் அடித்தண்டுல முண்டு மாதிரி வீங்கின இடம். சூடான ஊர்ல அது மண்ணுக்கு கொஞ்சம் மேல தெரியணும், உறையற குளிர் இருக்குற ஊர்ல 5 செ.மீ. மண்ணுக்குள்ள போகணும்.

## இலை தொங்கிப் போச்சு

இது தான் நம்பர் ஒன் புகார். இதுல வம்பு என்னன்னா, தண்ணி பத்தலன்னாலும் இலை தொங்கும், தண்ணி அதிகமாயிட்டாலும் அதே மாதிரி தான் தொங்கும். மேல இருந்து பாத்து யாராலயும் சொல்ல முடியாது, அதனால விரல் செக் பண்ணாம வாளியத் தூக்காதீங்க.

மதியம் மட்டும் தொங்குது, காலையில நிமிந்துருது

ஒண்ணும் பண்ண வேணாம். குறைஞ்ச வேரால மதிய வெயிலுக்கு ஈடு குடுக்க முடியல, அவ்வளவு தான். மதியம் 12ல இருந்து 4 வரைக்கும் நிழல் விழுற மாதிரி ஒரு நிழல்வலையோ பழைய வெள்ளைத் துணியோ கட்டுங்க, செடிய ஒட்டி போத்தாம நாலு குச்சி நட்டு மேல கட்டுங்க. பத்து நாள்ல தொங்கறது குறையும், அப்புறம் நிழல கொஞ்சம் கொஞ்சமா விலக்குங்க. ஒரே நாள்ல எடுத்துட்டா தளிர் வெந்துரும்.

காலையிலயும் தொங்குது, மண்ணு காஞ்சிருக்கு

தண்ணி தான். ஆனா ஒரு சொம்பு ஊத்துற தண்ணி இல்ல, வேர் உருண்டைக்கு அடி வரைக்கும் போகற மாதிரி 8-10 லிட்டர் மெதுவா விடுங்க, ஓடிப் போகாம இருக்க சுத்தி ஒரு பாத்தி கட்டிக்கோங்க. மறுநாள் குச்சிய விட்டுப் பாத்துட்டு தான் அடுத்த தண்ணி. மேல 5-7 செ.மீ. கனத்துக்கு காஞ்ச இலை, வைக்கோல்னு ஏதாச்சும் மூடாக்கு போடுங்க, தண்ட மட்டும் ஒட்டாம ஒரு கை அகலம் விட்டுருங்க.

சுத்தி மண்ணு ஈரமா இருக்கு, ஆனாலும் தொங்குது

இங்க தான் நிறைய பேர் ஏமாறுறாங்க. சுத்தி இருக்குற புது மண்ணு ஈரமா இருக்கும், நடுவுல இருக்குற பழைய வேர் உருண்டை பொட்டலமா காஞ்சு கிடக்கும். நர்சரில இருந்து இறுகின களிமண் உருண்டையோட வர்ற செடில இது அதிகம், உருண்டை ஒரு தடவை நல்லா காஞ்சுருச்சுன்னா ஊத்துற தண்ணி அது மேல பட்டு ஓரமா வழிஞ்சு போயிரும். குச்சிய தண்டுக்கு மூணு விரல் தள்ளி குத்திப் பாருங்க, இறங்கவே இல்லன்னா இது தான். ஒரு கம்பியால உருண்டைல நாலஞ்சு ஓட்டை போட்டு, சொட்டு சொட்டா ஒரு மணி நேரம் தண்ணி விடுங்க. தொட்டி செடினா தொட்டியோட சேர்த்து ஒரு டப்பு தண்ணில குமிழி வர்றது நிக்கிற வரைக்கும் வெச்சு எடுங்க.

உருண்டையும் ஈரம், மண்ணும் ஈரம், தொங்குறது நிக்கல

அப்ப தண்ணி அதிகம். தண்ணிய நிறுத்துங்க, மூடாக்க விலக்கி விடுங்க, ரெண்டு மூணு நாள் பாருங்க. தொட்டினா அடி ஓட்டை அடைச்சிருக்கான்னு பாத்து குத்தி விடுங்க, தட்டுல தண்ணி நின்னா கொட்டுங்க.

அதுக்கும் கேக்கலன்னா வடிகால சோதிக்கணும். செடிக்கு ஒரு மீட்டர் தள்ளி 30 செ.மீ. ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி தண்ணி ரொப்புங்க, அது வடிஞ்சதும் மறுபடி ரொப்பி மணிக்கு எவ்வளவு இறங்குதுன்னு ஸ்கேல் வெச்சு பாருங்க. மணிக்கு 2.5 செ.மீ. கூட இறங்கலன்னா அந்த இடம் ரோஜாவுக்கு ஆகாது. செடிய தூக்கி மேடா 20-30 செ.மீ. உசத்தின பாத்தில வைக்கணும். குழிக்கு அடியில ஜல்லி போட்டா வடியும்னு சொல்லுவாங்க, தண்ணி போக வழி இல்லாத களிமண்ணுல ஜல்லி போட்டா அதுவும் தண்ணி தேங்குற இன்னொரு தொட்டி தான்.

தூக்கும்போது வேரப் பாருங்க. வெள்ளையா இளம் பழுப்பா உறுதியா இருந்தா சரி. கருப்பா, அமுக்கினா தோல் உரிஞ்சு வந்து நாத்தம் அடிச்சா வேர் அழுகல், அழுகினத மொத்தமா வெட்டி எறிஞ்சுட்டு வடியற மண்ணுல நடுங்க. பாதிக்கு மேல அழுகியிருந்தா நல்ல குச்சில கட்டிங் எடுத்துக்கிட்டு செடிய விட்டுருங்க.

ஆளக் கூப்பிடற கட்டம்: தோட்டம் முழுக்கவே தண்ணி நிக்குது, எங்க வெட்டினாலும் வடியலன்னா அது செடி பிரச்சினை இல்ல, வடிகால் குழாய் பதிக்கிற வேலை. அது செலவு, அதனால மேட்டுப் பாத்திய பண்ணிப் பாத்துட்டு கூப்பிடுங்க.

## இலை மஞ்சளாகுது

எந்த இலை, எப்படி மஞ்சள்னு பாத்தா பாதி பதில் கிடைச்சுரும்.

அடி இலை நாலஞ்சு மட்டும் மஞ்சளாகி விழுது, நுனி நல்லா இருக்கு: விடுங்க. செடி தன்னோட பாரத்த இறக்குது. புது இலை வர ஆரம்பிச்சதும் நின்னுரும். ஈரம் அதிகமா இருந்தாலும் இப்படி தான் ஆரம்பிக்கும், அதனால மூங்கில் குச்சி விட்டுப் பாக்குற விரல் செக் மட்டும் ஒரு தடவை.

இலை மேல பொடிப்பொடியா வெளிறின புள்ளி, இலையே மங்கி தூசி படிஞ்ச மாதிரி: செஞ்சிலந்தி, இலைச் சாறு உறிஞ்சுற ரொம்பப் பொடி உயிர். வெயில்ல வாடி நிக்கிற செடின்னா அதுக்கு கொண்டாட்டம். இலைக்கு அடியில ஒரு வெள்ளைப் பேப்பர புடிச்சு தட்டுங்க, விழுந்த புள்ளி நகர்ந்தா அதே தான். காலையில இலையோட அடிப்பக்கம் படற மாதிரி தண்ணிய வேகமா பீச்சி அடிங்க, ரெண்டு நாளைக்கு ஒரு தடவைன்னு ஒரு வாரம் பத்து நாள். பெரும்பாலும் இதுலயே அடங்கிரும். பொதுவான பூச்சி மருந்து அடிச்சா சிலந்திய தின்ற நல்ல பூச்சியும் சேர்ந்து செத்து, அடுத்த வாரம் சிலந்தி ரெட்டிப்பா வரும்.

கருப்பு வட்டம், சுத்தி மஞ்சள்: கரும்புள்ளி நோய். இலை பல மணி நேரம் நனைஞ்சே இருந்தா தான் இது பிடிக்கும், அதனால சாயங்காலம் இலை மேல தண்ணி தெளிக்கறத நிறுத்துங்க. "வாடிருக்கே, பாவம்"னு ராத்திரி இலைய நனைக்கிறவங்க வீட்டுல தான் இது அதிகம் பாத்திருக்கேன். விழுந்த இலைய பொறுக்கி எரிச்சுடுங்க, உரக்குழில போடாதீங்க. வருஷா வருஷம் வந்தா தான் பூஞ்சாண மருந்து.

புது இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை: இரும்புச் சத்து கிடைக்கல. கிடைக்கலன்னு தான் சொல்றேன், மண்ணுல இல்லன்னு சொல்லல. மண்ணு காரமா இருந்தா இரும்பு இருந்தும் வேரால எடுக்க முடியாது. புதுசா சிமெண்ட் வேலை நடந்த சுவர ஓரம், கட்டட இடிபாடு கொட்டின இடம்னா இத முதல்ல சந்தேகப்படுங்க. ரோஜாவுக்கு பிடிச்ச பி.எச். (மண்ணோட அமிலம், காரம் காட்டுற அளவு, 7க்கு மேல போனா காரம்) 6ல இருந்து 6.8 வரைக்கும், கிட் வாங்கி நீங்களே பாக்கலாம். 7.5க்கு மேல இருந்தா சாதாரண இரும்பு உப்பு போட்டு பிரயோஜனம் கம்மி, சீலேட் பண்ணின (வேருக்கு கிடைக்கற மாதிரி வேற பொருளோட பிணைச்ச) இரும்புலயும் ஈ.டி.டி.எச்.ஏ.ன்னு போட்டிருக்கறத பாத்து வாங்குங்க, மத்த வகை கார மண்ணுல நிக்காது. கந்தகம் போட்டு பி.எச். இறக்கலாம், ஆனா மாசக்கணக்காகும். இன்னொண்ணு, தண்ணி தேங்கி வேர் சோர்ந்து போனாலும் இதே அறிகுறி வரும், அதனால வடிகால பாக்காம சீலேட்டுக்கு காசு போடாதீங்க.

பழைய இலை நடுவுல மஞ்சள், ஓரமும் நரம்பும் பச்சை: மெக்னீசியம் குறைவு. புது தளிர் வர்ற வரைக்கும் பொறுங்க, அதுக்கு அப்புறமும் இருந்தா எப்சம் உப்பு லிட்டருக்கு 10 கிராம் கலந்து சாயங்கால வெயில் தணிஞ்சதும் இலைல தெளிங்க, இருட்டுறதுக்குள்ள காயற மாதிரி. எல்லா ரோஜாவுக்கும் எப்சம் போட்டே ஆகணும்ங்கறதெல்லாம் சும்மா.

## இலை ஓரம் காஞ்சு கருகுது

சுலபமான காரணம் காத்தும் வெயிலும், நிழல் கட்டினா புது இலைல வராது. அடுத்தது உரம். நடும்போதே குழிக்குள்ள டிஏபி ஒரு கை, மக்காத சாணி ஒரு கூடைன்னு போட்டிருந்தா அறுபட்ட வேர் நுனி அப்படியே வெந்துரும். தொட்டினா தொட்டி கொள்ளளவு மாதிரி ரெண்டு மடங்கு நல்ல தண்ணிய மெதுவா ஊத்தி அடியில வடிய விடுங்க, உப்பு கரைஞ்சு போயிரும். தரையில வடிகால் நல்லா இருந்தா ரெண்டு தடவை ஆழமா தண்ணி விடுங்க. மக்காத சாணி போட்டிருந்தா தயங்காம தோண்டி எடுங்க, உள்ள சூடு பறக்கும்.

உரமே போடல, ஆனாலும் கருகுதுன்னா தண்ணில உப்பு இருக்கான்னு பாருங்க. பைப்ப சுத்தியும் தொட்டி வெளிச் சுவருலயும் வெள்ளை படிஞ்சா அது ஒரு அடையாளம். கொஞ்ச நாள் மழைத்தண்ணி ஊத்திப் பாத்து வித்தியாசம் தெரிஞ்சா தண்ணிய லேப்ல குடுத்து டெஸ்ட் பண்ணிடுங்க.

உரம் எப்ப போடலாம்னு கேட்டா, புது தளிர் வந்து அந்த இலை முழுசா விரிஞ்ச பிறகு, அதுவும் சொல்ற அளவுல பாதி. நல்லா மக்கின தொழு உரமோ மண்புழு உரமோ மேல தூவறதுன்னா முன்னாடியே தூவலாம், அது எரிக்காது.

## இலை எல்லாம் கொட்டி குச்சி மட்டும் நிக்குது

இத பாத்ததும் பிடுங்கி எறியறவங்க ஜாஸ்தி. ரோஜா குச்சி மொட்டையா நின்னு திரும்ப வர்ற செடி, அதுக்கு கொஞ்சம் டைம் குடுக்கணும்.

கீறல் செக் பண்ணுங்க. பச்சைனா செடி உயிரோட இருக்கு, அது வேர் விட்டுக்கிட்டு இருக்கு. இலை இல்லாத செடி தண்ணி ரொம்ப கம்மியா தான் குடிக்கும், அதனால பழைய அளவுல ஊத்தாதீங்க, இந்தக் கட்டத்துல செத்துப் போற செடில முக்கால்வாசி தாகத்துல சாகறது இல்ல. குச்சி காஞ்சு போகாம இருக்க, குளிர் ஊர்ல அடியச் சுத்தி 15-20 செ.மீ. உயரத்துக்கு ஈர மண்ணோ மக்கின இலையோ குவிச்சு வைங்க, தளிர் 5 செ.மீ. வந்ததும் மெதுவா கலைச்சு விடுங்க. சூடான ஊர்னா நல்ல நிழல்ல வெச்சு குச்சி மேல காலையில ஒரு தெளிப்பு போதும். வெயில்ல பிளாஸ்டிக் கவர் மாட்டாதீங்க, உள்ள அவிஞ்சுரும்.

மேல பழுப்பு, கீழ பச்சைனா பச்சை ஆரம்பிக்கிற இடத்துக்கு கீழ வெட்டி விடுங்க.

அடி வரைக்கும் பழுப்புன்னா ஒட்டு முடிச்சையும் சுரண்டிப் பாருங்க. அதுல பச்சை இருந்தா ஆறேழு வாரம் குடுங்க. அதுவும் பழுப்பு, தண்டு வளைச்சா டப்புன்னு உடையுதுன்னா முடிஞ்சுது. இதுக்கு யாரக் கூப்பிட்டும் பிரயோஜனம் இல்ல, அந்தக் காசுக்கு புது செடி வாங்கலாம்.

## குச்சி நுனியில இருந்து கருப்பா இறங்கிக்கிட்டே வருது

மஞ்சளுக்கெல்லாம் பொறுக்கலாம், இதுக்கு பொறுக்கக் கூடாது. வெட்டுக்காயம் வழியா பூஞ்சாணம் உள்ள போய் இறங்குற நோய் இது, மாத்தும்போது மொட்டைக் கத்தரியால நைச்சு வெட்டினதும், மொட்டுக்கு ரொம்ப மேல விட்டு நீளமா குச்சிய விட்டதும் தான் வழக்கமான ஆரம்பம்.

கருப்புக்கு 3-5 செ.மீ. கீழ வெட்டி, வெட்டின முகத்தப் பாருங்க. நடு ஊன் வெள்ளையா பளிச்னு இருக்கணும். பழுப்பா வட்டம் தெரிஞ்சா இன்னும் கீழ போங்க, வெள்ளை வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க. வெளிப்பக்கம் பாத்த மொட்டுக்கு அரை செ.மீ. மேல, தண்ணி நிக்காம சரிவா வெட்டுங்க. ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவுல கத்தரிய 70% ஆல்கஹால்ல துடைக்கணும், சோம்பேறித்தனம் பட்டா நோய அடுத்த குச்சிக்கு நீங்களே ஏத்தி விடறீங்க. கனமான குச்சி வெட்டுல காப்பர் ஆக்ஸிகுளோரைடுங்கற பூஞ்சாண மருந்த பசையா குழைச்சு தடவலாம், பாக்கெட்ல போட்டிருக்குற அளவ மீறாதீங்க, கையுறை போட்டுக்கோங்க.

வெட்டியும் ரெண்டு வாரத்துல திரும்ப இறங்குதா? அப்ப மேல எவ்வளவு வெட்டினாலும் நிக்காது, வேர் பலவீனம் தான் அடி காரணம், தொங்கற பிரிவுல சொன்ன வடிகால் சோதனைக்குப் போங்க. பக்கத்து ரோஜாக்களுக்கும் இதே ஆரம்பிச்சா அந்த நேரத்துல ஒரு குச்சிய நல்லதும் கெட்டதும் சேர்ற இடத்தோட வெட்டி தோட்டக்கலைத் துறை ஆளுங்ககிட்ட காட்டுங்க.

## செடி ஆடுது, தண்டச் சுத்தி மண்ணுல ஓட்டை

காத்துல ஆடி ஆடி வர்ற புது வேர் முடி அறுந்துக்கிட்டே இருக்கும், செடி மாசக்கணக்கா முன்னேறாது. ஓட்டைல மண்ண ரொப்பி கையால அமுக்கி தண்ணி விடுங்க, உயரமா இருக்குற குச்சிய மூணுல ஒரு பங்கு குறைங்க, ஒரு கம்பு நட்டு துணியால எட்டு வடிவத்துல தளர்வா கட்டுங்க. வேர் உருண்டைக்குள்ள கம்ப குத்தாதீங்க.

இழுத்தா லேசா கையோட வருதுன்னா வேரயே யாரோ தின்னுட்டாங்க. மண்ணக் கிளறிப் பாருங்க, வெள்ளையா சுருண்ட வேர்ப்புழு இருந்தா பொறுக்கிடுங்க. தண்டு அடியில மண்ணு அப்பின மாதிரி இருந்து உள்ள கூடா இருந்தா கரையான், அது உயிரில்லாத கட்டைல ஆரம்பிச்சு தான் வாடின செடிக்கு வரும், அதனால குழிக்குள்ள பழைய கட்டை, மரத்துண்டு கிடந்தா எடுத்துடுங்க. வீட்டுச் சுவர் வரைக்கும் கரையான் பாதை போகுதுன்னா செடிய மறந்துட்டு கரையான் மருந்து அடிக்கிற ஆள உடனே கூப்பிடுங்க.

## நல்லா தளிர்க்குது, ஆனா பூவே இல்ல

முதல் சுத்துல பூ வரலன்னா அது கோளாறே இல்ல. வந்த மொட்டையும் முதல் ஒண்ணு ரெண்டு தடவை கிள்ளி விட்டா வேர் சீக்கிரம் ஊணும்.

அதுக்கு அப்புறமும் இல்லன்னா வெயில எண்ணுங்க, 6 மணி நேரம் நேர் வெயில் வேணும். நிழல் கட்டினத அவுக்க மறந்தவங்க உண்டு. தழைச்சத்து உரம் அதிகமா போனாலும் இலை கொழிக்கும், பூ இருக்காது. கொடி ரோஜால வருஷத்துக்கு ஒரே சீசன் பூக்குற வகை போன வருஷக் குச்சில தான் பூக்கும், மாத்தும்போது அத வெட்டியிருந்தா அடுத்த சீசன் வரைக்கும் காத்திருக்க வேண்டியது தான்.

கடைசியா, தளிர் எங்க இருந்து வருதுன்னு மண்ண விலக்கிப் பாருங்க. ஒட்டு முடிச்சுக்கு கீழ இருந்து வந்தா அது வேர்க்கட்டையோட (உங்க ரகத்த ஒட்டு வெச்ச அடிச்செடியோட) காட்டுக் கிளை, உங்க ரோஜா இல்ல. ஏழு இலை இருந்தா காட்டு ரோஜான்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க, அத நம்பாதீங்க, நல்ல ரகத்துலயும் ஏழு வரும். கிளம்புற இடம் தான் சாட்சி. மண்ணுக்கு மேல கத்தரிச்சா ரெட்டிப்பா வரும், அடி வரைக்கும் தோண்டி வேரோட சேர்ற இடத்துல கீழ் பக்கமா பிச்சு எடுங்க. கட்டிங்ல இருந்து வந்த செடிக்கு ஒட்டே கிடையாது, அதுல அடியில இருந்து எது வந்தாலும் உங்க ரகம் தான், பிச்சுடாதீங்க.

## சாகவும் இல்ல, வளரவும் இல்ல, ஒரு சீசன் போயிருச்சு

மேல எல்லாம் பாத்தாச்சு, ஈரம் சரி, வெயில் சரி, ஆனாலும் செடி அப்படியே நிக்குது. இப்ப ஒரு கேள்வி: அந்தக் குழில முன்னாடியும் ரோஜா தான் இருந்துச்சா? பழைய ரோஜா பல வருஷம் நின்ன மண்ணுல புது ரோஜா வெச்சா நோஞ்சானா போறது தெரிஞ்ச விஷயம். வேற இடம் இருந்தா அங்க மாத்துங்க. இல்லன்னா 60 செ.மீ. அகலம், 45 செ.மீ. ஆழத்துக்கு அந்த மண்ண எடுத்து, ரோஜா நிக்காத இடத்து மண்ண போடுங்க, எடுத்த மண்ணு காய்கறிக்கு நல்லாவே ஆகும்.

அது இல்லன்னா செடிய ஒரு பக்கமா தோண்டி வேரப் பாத்தே ஆகணும். வேர் நெடுக சின்னச் சின்ன மணி மாதிரி முண்டு முண்டா இருந்தா வேர்முடிச்சு நூற்புழு, வேருக்குள்ள புகுற கண்ணுக்குத் தெரியாத புழு. ஒட்டு முடிச்சு பக்கத்துலயோ கனமான வேர்லயோ சொரசொரப்பா, காலிபிளவர் மாதிரி கட்டி இருந்தா அது பாக்டீரியாவால வர்ற கழுத்துக் கட்டி. ஒட்டு முடிச்சும் வீங்கித் தான் இருக்கும், ஆனா அது தோலோட வழவழன்னு இருக்கும், கட்டி நொறுங்குற மாதிரி இருக்கும், ரெண்டையும் குழப்பிக்காதீங்க. கட்டிக்கு மருந்து இல்ல. செடிய சுத்தி மண்ணோட எடுத்து அப்புறப்படுத்துங்க, கத்தரி, மண்வெட்டி எல்லாத்தையும் கழுவி ஆல்கஹால் போட்டு துடைங்க, அந்த இடத்துல சில வருஷம் ரோஜா வேணாம், அந்த செடில இருந்து கட்டிங்கும் எடுக்காதீங்க.

நூற்புழு சந்தேகம்னா கண்ணால பாத்து மருந்து வாங்காம லேபுக்கு அனுப்புங்க. சாம்பிள் எடுக்கறதுல தான் நிறைய பேர் கோட்டை விடறாங்க: மேல் மண்ண ஒதுக்கிட்டு 15-20 செ.மீ. ஆழத்துல, மெல்லிசு வேரும் சேர்ந்து வர்ற மாதிரி செடியச் சுத்தி நாலஞ்சு இடத்துல எடுத்து கலந்து, அரை கிலோவ பிளாஸ்டிக் பைல கட்டுங்க. காய வைக்காதீங்க, வெயில்ல நிக்கிற வண்டிக்குள்ள விட்டுட்டும் போகாதீங்க, புழு செத்துட்டா ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லன்னு தான் வரும். சத்து பாக்கறதுக்கு குடுக்குற மண்ணு வேற, அத நிழல்ல உலர்த்தி தனிப் பைல குடுக்கணும், ரெண்டு பை மேலயும் எந்த டெஸ்ட்டுக்குன்னு எழுதிடுங்க.